கணவாய்க்கு இந்தப்பக்கம், அந்தப்பக்கம்: ஒரு குருவி பின்னாடி ஆறு நாள்

நாள் 1: கோத்தகிரி

மார்ச் கணக்கு முடிச்ச கையோட லீவு கேட்டேன், ஒரு வாரமான்னு மேனேஜர் மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சாரு, ஆனா குடுத்துட்டாரு. ஏப்ரல்ல திருப்பூர்ல இருந்தா வெந்துருவோம்ங்கறது ஒரு காரணம், இன்னொரு காரணம் அரை சாண் கூட இல்லாத ஒரு குருவி. வீட்ல கேட்டா கோத்தகிரி சித்தப்பாவைப் பார்க்கப் போறேன்னு சொல்லிக்கலாம், பொய்யும் இல்ல.

மேட்டுப்பாளையத்துல கோத்தகிரி பஸ் ஏறும்போதே எலுமிச்சம்பழம் ஒண்ணு வாங்கி கைல வெச்சுக்கிட்டேன். மூணாவது வளைவுலயே பக்கத்து சீட்டுப் பாப்பாவுக்கு அது தேவைப்பட்டுருச்சு, குடுத்துட்டேன், மீதி வளைவு முழுக்க நான் கண்ண மூடிக்கிட்டுதான் வந்தேன்.

குருவி பேரு கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். பேர்லயே முழுசா சொல்லியாச்சு. ஆண் தலையும் ரெக்கையும் மசி மாதிரி கருப்பு, மிச்ச உடம்பு பூரா ஆரஞ்சு. பெண்ணுக்கும் அதே ஆரஞ்சு உடம்புதான், தலை மட்டும் கருப்பில்லாம ஆலிவ் பழுப்பு, கண்ணைச் சுத்தி வெளிறின வளையம். சிட்டுக்குருவிய விடச் சின்னது. 1839லயே ஜெர்டன்ங்கற மெட்ராஸ் ராணுவ டாக்டர் இதுக்கு அறிவியல் பேர் வெச்சுட்டாரு. உலகத்துலயே மேற்குத் தொடர்ச்சி மலையோட தென்பாதில மட்டும்தான் இருக்கு, அதுலயும் நீலகிரி, ஆனைமலை, பழனிமலைன்னு உசரமான இடமாப் பார்த்து, பெரும்பாலும் 1500 மீட்டருக்கு மேலதான் குடியிருக்கும். குளிருக்கு கீழ எறங்கி வர்றது, வெயிலுக்கு வடக்க போறதுன்னு எந்த ஊர்சுத்தலும் கிடையாது. பொறந்த சோலைலயே (உசந்த மலைல இருக்கற குட்டை மரக் காட்டுக்குத்தான் அந்தப் பேரு) இருந்து அங்கயே குடும்பம் நடத்தி அங்கயே முடிஞ்சுரும்.

சித்தி வர்க்கியும் டீயும் வெச்சாங்க. சித்தப்பா டீ ஃபேக்டரில முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவரு, பறவை பேரெல்லாம் தெரியாது, ஆனா எது எங்க உக்காரும்னு தெரியும். நான் போன்ல படத்தக் காட்டினதும் "இதுவா, இது கெடக்குது புதருக்குள்ள, மேல பார்த்துட்டே நடந்தா ஆயுசுக்கும் கெடைக்காது கண்ணு"ன்னாரு.

நாள் 2: லாங்வுட் சோலை

காலைல அஞ்சரைக்கு எழுப்பி விட்டுட்டாரு. ஊர்ல இருந்து ரெண்டு மூணு கிலோமீட்டர்தான். சுத்தி டீ எஸ்டேட், வீடு, ரோடு, நடுவுல கிட்டத்தட்ட 116 ஹெக்டேருக்கு இந்த ஒரு சோலை மட்டும் தப்பிச்சு நிக்குது. பக்கத்து ஊருங்களுக்குத் தண்ணி இங்கிருந்துதான், அதனாலதான் ஜனங்க இத விட்டுக்குடுக்கல. உள்ள காலு வெச்சதும் ஒரு ஈர வாசம் அடிக்கும் பாருங்க, பழைய கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்த மாதிரி. மரம் உசரமே இல்ல, எல்லாம் குட்டையா முறுக்கிக்கிட்டு, கிளைலாம் பாசி. வெளிச்சம் எட்டரைக்கு மேலதான் உள்ள வருது.

முந்தின நாள் மழை பெஞ்சிருந்ததால அட்டை வேற. சித்தப்பா காலுக்கு மூக்குப்பொடி தேய்ச்சுக்கிட்டாரு, எனக்கு அந்த வாசத்துக்கே தும்மல் வரும்னு வேண்டாம்னுட்டேன், ஒரு மணி நேரத்துல சாக்ஸுக்குள்ள நாலு எடுத்தேன்.

முதல்ல சத்தம்தான் கெடச்சது. ரொம்ப மெல்லிசா, சைக்கிள் செயின் காய்ஞ்சு கிறீச்சிடற மாதிரி, மேல ஏறி எறங்கற ஒரு சின்ன விசில். எங்கிருந்து வருதுன்னு திரும்பித் திரும்பிப் பார்க்கறேன், சித்தப்பா என் தோளப் புடிச்சு அமுக்கி உக்கார வெச்சுட்டாரு. "நீ சும்மா உக்காரு சாமி, அதுவே வரும்." வந்துச்சு. எங்களுக்கு முன்னாடி பத்தடில, முழங்கால் உசரத்துல ஒரு காஞ்ச குச்சி, அதுல. இருட்டுக்குள்ள யாரோ ஒரு தீக்குச்சி கிழிச்ச மாதிரி இருந்துச்சு, மிகையா சொல்லல. ஈப்பிடிப்பான்னு பேரு இருந்தாலும் மத்த ஈப்பிடிப்பான் மாதிரி அந்தரத்துல பாய்ஞ்சு புடிக்கறதெல்லாம் கம்மி, இது தரைகிட்டயே வேலைய முடிச்சுக்குது, எறங்கி சருகுல ஒண்ணக் கொத்திட்டு மறுபடி அதே குச்சி. ரெக்கைய ஒரு உதறு உதறும், வாலத் தூக்கி எறக்கும், அவ்ளோதான் அதோட அலட்டல்.

இப்ப ஒரு தப்பு பண்ணினேன், அதையும் எழுதிடறேன். வெயில் வந்ததும் ஸ்வெட்டரக் கழட்டி பக்கத்துப் புதர்ல மாட்டலாம்னு கைய நீட்டினேன். அந்தப் புதர்ல காஞ்ச கோரைப்புல்லும் எலையும் சுருண்டு ஒரு குப்பை உருண்டை சிக்கிட்டிருந்துச்சு, உரிச்ச தேங்கா அளவு, மழைத்தண்ணில அடிச்சுட்டு வந்து தங்கின சருகுன்னே நெனச்சேன், அதத் தட்டி விட்டுட்டு மாட்டலாம்னு விரல் அது மேல பட்டுருச்சு. படக்குனு உள்ளருந்து ஒரு பழுப்புத் தலை வெளிய பாய்ஞ்சு என் மணிக்கட்ட ஒட்டிப் பறந்துச்சு.

கூடு!

எனக்கு நெஞ்சு அடிச்ச அடி அந்தக் குருவிக்கே கேட்டிருக்கும். அப்படியே பின்னாடி நகர்ந்து, பாதைக்கு அந்தப்பக்கம் போய், சித்தப்பாவும் நானும் ஒரு மரத்துக்குப் பின்னாடி உக்காந்துட்டோம். பெண்ணு சுத்தி சுத்தி டிக் டிக்னு கோவமா சத்தம். ஆணும் வந்து சேர்ந்துச்சு. பதினெட்டு நிமிஷம், வாட்ச் பார்த்துட்டேதான் இருந்தேன், அதுக்கப்புறம்தான் பெண்ணு தாழ வந்து, நேரா கூட்டுக்கு வராம ரெண்டு புதர் தள்ளி உக்காந்து, அங்கிருந்து இன்னொண்ணு, அங்கிருந்து சைடுல இருந்த ஓட்டை வழியா உள்ள போச்சு. மூச்சு விட்டோம்.

மார்ச்ல இருந்து மே வரைக்கும்தான் இதுங்களுக்கு சீசன். கூடு தரைல இருந்து ஒரு மீட்டருக்குள்ளதான் இருக்கும், பந்து மாதிரி, வெளியே பார்த்தா குப்பை, அதுதான் அதோட பாதுகாப்பே. முட்டை பெரும்பாலும் ரெண்டு, சாம்பல் வெள்ளைல பழுப்புப் புள்ளி. நம்ம ஊர் சிட்டுக்குருவி நாலு அஞ்சுன்னு இட்டு, வருஷத்துல ரெண்டு மூணு தடவை பொறிக்கும். இது ரெண்டே ரெண்டு வெச்சுக்கிட்டு, முழங்கால் உசரத்துல, பாம்புக்கும் எலிக்கும் என்னைய மாதிரி ஸ்வெட்டர் மாட்ட வர்றவங்களுக்கும் நடுவுல உக்காந்திருக்குது. நான் உள்ள எட்டிப் பார்க்கல, எத்தனை முட்டைன்னு கேக்காதீங்க. போட்டோவும் எடுக்கல.

நாள் 3: அதே சோலை, அப்புறம் ஒரு பாலம்

இன்னைக்குக் கூடு இருக்கற பக்கமே போகல, மேக்கால இருக்கற இன்னொரு பாதை. அங்க ஒரு கார் நெறைய கேமராவோட ஆளுங்க வந்திருந்தாங்க. துப்பாக்கி மாதிரி லென்ஸ், அது பரவால்ல, ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரை மரத்தடில வெச்சு இந்தக் குருவியோட பாட்டையே திருப்பித் திருப்பிப் போட்டுட்டிருந்தாங்க. ஜோடி ஜோடியா எல்லை பிரிச்சுக்கிட்டு வாழற குருவி இது, தன் எல்லைக்குள்ள இன்னொரு ஆண் பாடினா வுடாது. இல்லாத ஒரு எதிரியத் தேடி அந்த ஆண் புதர் புதரா ஓடுது, இவங்க டக டக டகன்னு அடிக்கறாங்க. அது இரை தேடற நேரம், குஞ்சு இருந்தா ஊட்டற நேரம்.

சித்தப்பாதான் போய்ப் பேசினாரு. "ஏனுங்க தம்பி, அது குடும்பம் நடத்தற நேரமுங்க, பாட்ட நிறுத்திக்கலாங்களா?" அவங்க, "ஒரு அஞ்சு நிமிஷம் அங்கிள்." அந்த அஞ்சு நிமிஷம் முக்கா மணி நேரம் ஆச்சு.

நான் ஒண்ணும் யோக்கியம் இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு மலைல வேற ஒரு பறவைக்கு நானே போன்ல பாட்டுப் போட்டு வரவெச்சு எடுத்திருக்கேன், அந்தப் படத்த ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டியும் இருக்கேன். நேத்து மணிக்கட்ட ஒட்டி அது பறந்ததுக்கப்புறம் அந்தப் படம் கண்ணுக்குள்ளயே நிக்குது.

திரும்பி வர்ற வழில ரோட்டோரம் ஒரு சின்ன கல்வெர்ட் பாலம். சித்தப்பா, "இங்க ஒரு நீலக்குருவி வருஷா வருஷம் வருது"ன்னாரு. நீலகிரி ஈப்பிடிப்பான்! ஆண் முழுக்க அவுரி நீலம். மழைத்தண்ணி போற ஓட்டை மாதிரி ஒரு கல்லிடுக்கு, அதுல பச்சைப் பாசியா அடைச்சு கூடு. இவங்க பிப்ரவரில இருந்து ஜூன் வரைக்கும் பொறிப்பாங்க, மண் சரிவுல இருக்கற பொந்து, பாலத்தோட அடி, வீட்டு எறவாணம்னு எடத்துக்குக் கவலைப்படறதில்ல. மனுசன் பக்கத்துல இருந்தா இதுக்கு ஒண்ணுமில்ல, லாரி போகுது, அது பாட்டுக்கு வாயில புழுவோட நிக்குது. ஒரே சோலை, ரெண்டும் ஈப்பிடிப்பான், ஒண்ணு புதர விட்டு வெளிய வராது, இன்னொண்ணு ரோட்டுக்கு வந்து குடித்தனம் பண்ணுது.

சாயங்காலம் டீத்தோட்ட ஓரத்துல நீலகிரி சிரிப்பான் கூட்டம். ஒண்ணு சிரிச்சா எல்லாம் சேர்ந்து சிரிக்கும், கல்யாண வீட்ல பின் வரிசைப் பெரிசுங்க மாதிரி. வெள்ளைப் புருவம், நெஞ்சும் வயிறும் செங்காவி. இதை நல்லாப் பார்த்து வெச்சுக்கிட்டேன், ஏன்னு அஞ்சாம் நாள்ல சொல்றேன்.

நாள் 4: பஸ்லயே போச்சு

கோத்தகிரி, மேட்டுப்பாளையம், கோவை, உக்கடத்துல பழனி பஸ், பொள்ளாச்சி, உடுமலை, பழனி, அங்கிருந்து கொடைக்கானல். காலைல ஏழு மணிக்குக் கிளம்பி ராத்திரி எட்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன், இடுப்பு போச்சு. கார்ல வர்றவங்க இ-பாஸ் எடுக்கணும், ஊட்டிக்கும் கொடைக்கும் 2024 மே மாசத்துல இருந்து ஹைகோர்ட் உத்தரவு, பஸ்ல வர்றவங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல.

கோவை தாண்டினதுல இருந்து ஜன்னல் பக்கமே பார்த்துட்டு வந்தேன். இந்த ரோடு போறது பாலக்காட்டுக் கணவாய் வாயிலதான். வடக்க நீலகிரி முடியுது, தெக்க ஆனைமலை ஆரம்பிக்குது, நடுவுல முப்பது கிலோமீட்டர் சொச்சத்துக்கு மலையே இல்ல. கோத்தகிரி கிட்டத்தட்ட 1800 மீட்டர், கோவை 400 சொச்சம்தான். இந்த ஓட்டை வழியாத்தான் நமக்கு ஆனி ஆடிக் காத்து, அந்தக் காத்துக்குத்தான் உடுமலைப் பக்கம் அத்தனை காத்தாடி. நமக்கு சில்லுனு காத்து குடுக்கற அதே ஓட்டைதான் சோலைக் குருவிக்குக் கடல் மாதிரி. ஈரமும் இருட்டும் இல்லாம ஒரு நாள் தாங்காத குருவி இந்த வெயில்ல, தென்னந்தோப்பையும் சோளக்காட்டையும் தாண்டி எங்க போகும்? பஸ்ல இருந்த எனக்கே பொள்ளாச்சில நாக்கு தள்ளிருச்சு. மலை உச்சியெல்லாம் வானத்துல இருக்கற தீவுன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றத நூறு தடவை படிச்சிருக்கேன், இன்னைக்குத்தான் வேர்த்து வடிஞ்சு புரிஞ்சுது.

பழனில எறங்கி ஒரு லெமன் சாதம், முருகனுக்குக் கீழ இருந்தே ஒரு கும்பிடு. மலை ஏற நேரமில்ல, கோவிச்சுக்க மாட்டாரு.

நாள் 5: கொடைக்கானல், பாம்பே சோலை

ஃபிரெண்டோட அக்கா வீட்ல ரூம் குடுத்தாங்க. அக்கா காலைல காபியோட ஒரு எச்சரிக்கையும் குடுத்தாங்க, "காட்டுமாடு ரோட்லயே நிக்கும், போட்டோ எடுக்கறேன்னு கிட்டப் போயிராத பாப்பா." வீட்டுக் கேட்டத் தொறந்தா நெசமாவே ஒண்ணு நின்னுச்சு, நான் உள்ள வந்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சுப் போனேன்.

பாம்பே சோலை ஊருக்குள்ளயே இருக்கு. பின்னாடி சீசன் டிராஃபிக் ஹாரன் கேக்குது, முன்னாடி சோலை. நுழையற எடத்துலயே சிரிப்பு. திரும்பினா பழனி சிரிப்பான்! கோத்தகிரில பார்த்ததோட வெள்ளைப் புருவம் இருக்கு, சேட்டை அதே, ஆனா நெஞ்சு செங்காவி இல்ல, சாம்பல்ல கோடு கோடா, வயித்துக்கிட்ட வந்துதான் காவி. கணவாய்க்கு வடக்க ஒண்ணு, தெக்க ஒண்ணு. அதுக்கும் தெக்க, அகத்தியமலைப் பக்கம் அசம்பு சிரிப்பான்னு இன்னொண்ணு, வயநாடு குடகுப் பக்கம் பாணாசுர சிரிப்பான்னு வேற. ஒரே பாட்டி வம்சம்தான், லட்சக்கணக்கான வருஷம் போக்குவரத்து இல்லாமப் போனதுல தனித்தனிக் குடும்பம் ஆயிருச்சு. பழனி சிரிப்பானுக்கு அறிவியல் பேருல இருக்கற ஃபேர்பேங்க் 1860கள்ல இந்த மலைல பறவை சேகரிச்ச அமெரிக்கப் பாதிரியார்.

சோலைக்கிளியும் அதே கதைதான். கிளின்னதும் பச்சையா மூக்கு வளைஞ்சு நெனச்சுராதீங்க, மலையாளத்துல சின்னப் பறவை எல்லாமே கிளிதான், அந்தக் கிளி இது. நீலகிரி சோலைக்கிளிக்கு வயித்தோரம் செங்காவி, இங்க இருக்கற வெள்ளைவயிறு சோலைக்கிளிக்கு அது கிடையாது. ரெண்டுமே கருநீலம், ரெண்டுமே சோலையோட தரைல துள்ளற ஜாதி, பாசியும் வேரும் வெச்சு மரப்பொந்துலயோ மண்சரிவுப் பொந்துலயோ கூடு கட்டும். இதுங்க எந்தக் குடும்பம்னு ரொம்ப நாள் குழம்பிட்டு, 2017லதான் இதுங்களுக்குன்னே ஒரு பேரினம் பிரிச்சு அதுக்குப் பேரே சோலிகோலான்னு வெச்சாங்க. நம்ம சோலை லத்தீனுக்குள்ள போய் உக்காந்துருச்சு, எனக்கு அதுல ஒரு அல்ப சந்தோஷம்.

ஒண்ணு பார்த்தேன், ரெண்டு செகண்டு, ஓடைக்குக் குறுக்கால. படம் கலங்கின நீல மை மாதிரி வந்திருக்கு.

நாள் 6: வட்டக்கானல்

நான் வந்த விஷயமே இன்னைக்குத்தான். சிரிப்பான் மாறுது, சோலைக்கிளி மாறுது, அப்ப கருப்பு ஆரஞ்சு?

மே மாசக் கூட்டம் இன்னும் ஏறல, ஆனாலும் வட்டக்கானல் ரோட்ல எட்டு மணிக்கே மேகி கடை ஃபுல். பாம்பார் சோலைப் பக்கமா எறங்கற பாதைல ஒரு எடம் பார்த்து உக்காந்தேன். சித்தப்பா சொல்லிக் குடுத்ததுதான், மேல பார்க்காத, சும்மா உக்காரு. ஒண்ணரை மணி நேரம். மூடுபனி வந்து மூடுச்சு, வெலகுச்சு, மறுபடி மூடுச்சு. லென்ஸ் பனிச்சுப் போய் தொடைச்சுத் தொடைச்சு துணியே ஈரமாயிருச்சு. அப்புறம் அந்த சைக்கிள் செயின்.

குறிஞ்சிச் செடி வகைல ஏதோ ஒண்ணு, அதோட தண்டுல. கருப்பு, ஆரஞ்சு. ரெக்கை உதறல், வால் தூக்கல், எறங்கு, கொத்து, ஏறு. பைனாகுலர்ல எவ்வளவு நேரம் பார்த்தாலும் கோத்தகிரி குருவிக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் எனக்குத் தெரியல, எனக்கு மட்டும் இல்ல, இதுல கிளையினம்கூட யாரும் பிரிக்கல, ரெண்டு மலைலயும் ஒரே பேருதான். பக்கத்து வீட்டுச் சிரிப்பான் சட்டைய மாத்திருச்சு, இது மட்டும் பழைய யூனிஃபார்ம்லயே இருக்கு. பாலக்காட்டு வெயில இதுவும்தான் தாண்ட முடியாது. அப்புறம் எப்படி? எனக்குப் புடிச்சதே இந்தக் கேள்விதான், பஸ்ல பதிமூணு மணி நேரம் வந்தது வீண் இல்ல.

கொஞ்ச நேரத்துல பெண்ணும் வந்துச்சு, அலகுல ஒரு காஞ்ச கோரை, அதோட ஒடம்ப விட நீளம். புதர்ல சிக்கிச்சு, இழுத்துச்சு, விட்டுட்டு வேற எடுத்துச்சு. இது இப்பத்தான் வீடு கட்டுது. எந்தப் புதர்னு பார்க்கத் தோணுச்சு, எந்திரிச்சேன், எந்திரிச்சு வந்த வழியே ரோட்டுக்கு ஏறிட்டேன்.

ஆணோட படம் ஒண்ணு தேறுச்சு. மேகி கடைல உக்காந்து, எங்க எடுத்ததுன்னு சொல்லாம சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல கூப்பிட்டுட்டாரு, குரல்ல கொஞ்சம் கோவம்.

"ஏஞ்சாமி, கூட்டுப் பக்கம் போறதில்லன்னு சொல்லிட்டு எப்ப எடுத்த இத?"

"கொடைக்கானல் சித்தப்பா இது."

"அட போ கண்ணு, இது நம்ம லாங்வுட் குருவி, எனக்குத் தெரியாதா"ன்னாரு. நான் விளக்கிச் சொல்லச் சொல்ல, "சரி சரி, அட்டை கடிச்ச எடம் ஆறுச்சா, சித்தி கேக்கறா"ன்னு போன அவங்ககிட்ட குடுத்துட்டாரு.